தலகாணி அண்ணனிடம் ஒப்படைத்த கவலைகள்

மலாக்கா மாநிலத்தில் தலகாணி அண்ணன் அளவுக்குத் தூக்கத்தை மதித்த மனிதர் இன்னொருவர் கிடையாது. மற்றவர்கள் களைத்துப் போய்த் தூங்குவார்கள். அவர் வேலைக்குப் போவதைப் போலத் தூங்கப் போவார்: முகம் கழுவி, தலை வாரி, நேரம் தவறாமல். கல்யாண வீட்டுக்குப் போனாலும் மோட்டார் சைக்கிள் பின்னால் சொந்தத் தலகாணியைக் கட்டிக்கொண்டுதான் போவார்.

குருபோங்கில் ஒரு தொழிற்சாலையில் எங்களுக்கு இரவு ஷிப்ட். அவரும் நானும் சேர்த்து நாலு பேருக்கு ஒரு வாடகை வீடு. காலை எட்டுக்குப் படுத்து மாலை நாலுக்கு எழுவோம். நான் மட்டும் எட்டுக்குப் படுத்து நாலு வரைக்கும் கூரையைப் பார்ப்பேன். பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டவன். இந்த வேலை போனால் வேறு கிடைக்குமா என்று நினைத்தாலே தூக்கம் போய்விடும். தூக்கம் போனதால் மெஷின் பக்கத்தில் இரண்டு முறை கண்ணயர்ந்தேன். இன்னொரு முறை தூங்கினால் வேலை இல்லை என்றார் சூப்பர்வைசர். அதை நினைத்து மிச்சத் தூக்கமும் போனது.

அண்ணன் என்னைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். ஷிப்ட் முடிந்து குடிக்கும் கோப்பியை நிறுத்தினார். என் கைப்பேசியை அரிசி வாளிக்குள் போட்டு மூடினார். ஜன்னலுக்கெல்லாம் நாளிதழ் ஒட்டி வீட்டை இருட்டாக்கினார். பத்து மணிக்குப் பழைய பேப்பர் வாங்கும் லோரி ஒலிபெருக்கியோடு வந்தது. சத்தத்தை நிறுத்தினால் பேப்பர் தருவதாகப் பேசி, வேறு பேப்பர் இல்லாததால் ஜன்னலில் ஒட்டியதைக் கிழித்துக் கொடுத்தார். லோரி அமைதியாகப் போனது. வெயில் உள்ளே வந்தது.

கடைசியில் என் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"மண்டைக்குள்ள என்னாதான்டா ஓடுது?"

"அம்மா ஊருல, செலண்டார்ல, தனியா இருக்காங்கண்ணே. பிரஷர் மருந்த மறந்துருவாங்க. மோட்டார் டயர் தேஞ்சிருச்சு. கேஸ் அடுப்ப மூடுனேனான்னு தெரியல."

"மூணுதானா? எங்கிட்ட குடுத்துட்டுப் படு. நாலு மணிக்குத் திருப்பித் தரேன்."

"கவலைய எப்படிண்ணே குடுக்கிறது?"

"குடுத்தாச்சு லா. இப்ப அது என் பொருள். நீ தொடக்கூடாது."

தூங்கிவிட்டேன். நாலு மணிக்கு எழுப்பி, "அம்மா, டயர், கேஸ். சரியா இருக்கா பாத்துக்க" என்று ஒப்படைத்தார். தினமும் இப்படியே. ஒரு வாரம் கழித்து டயர் மட்டும் திரும்பி வரவில்லை. மறந்திருப்பார் என்று நானும் கேட்கவில்லை. நல்ல தூக்கத்தில் என் கன்னம் உப்பியது.

மூன்றாம் வாரம் மெஷின் பக்கத்தில் தூங்கி ஒருவர் பிடிபட்டார். தலகாணி அண்ணன். இன்னொரு முறை தூங்கினால் அவருக்கும் வேலை இல்லை.

"என்னண்ணே, நீங்களா?"

"ஒங்கம்மா மருந்து சாப்பிட்டாங்களான்னு தெனம் மத்தியானம் ஒன் போன்லேர்ந்து அடிக்கிறேன் தம்பி. ரெண்டு நிமிசத்துல வச்சிரலாம்னு பாத்தா, ஒங்க மாமா கல்யாணத்துல நடந்த சண்டையிலேர்ந்து ஆரம்பிக்கிறாங்க. விட மாட்றாங்க லா."

"சும்மா பேச்சுக்குத்தான் கவலைய வாங்கிக்கிறீங்கன்னு நெனச்சேன்."

"வாங்கிட்டு சும்மா வச்சிருந்தா ஏமாத்து வேலடா அது."

வாசலில் என் மோட்டாரைப் பார்த்தேன். டயர் புதிது.

அன்று அவரைப் படுக்க வைத்துவிட்டு, மத்தியானம் நானே அம்மாவுக்குப் போன் அடித்தேன்.

"நீ எதுக்குடா பேசுற? அந்தத் தம்பி எங்க?"

"தூங்குறாரும்மா" என்றேன். "மெதுவா பேசு."