நாலு வாசலும் அறுநூத்திச் சொச்சம் எலையும்

"அண்ணே, மூவாயிரத்து எண்ணூறு பேரு வாராங்க."

சந்தோஷ்குமார் இதைச் செல்போனைப் பாத்துக்கிட்டே சொன்னான். மொதலாளி மூஞ்சியப் பாத்துச் சொல்ற தெம்பு அவனுக்கு இல்ல.

"நான் அடிச்ச பத்திரிகையே இருநூறுதானடா?" ன்னாரு முத்துராமன்.

"ஆமாண்ணே."

"நம்ம பிளான்ட்ல இருக்க ஐஸப் பூரா உருக்கி ஊத்துனாலும் இவங்களுக்குக் குடிக்கத் தண்ணி பத்தாதேடா!"

முத்துராமனுக்கு ஜெகதாப்பட்டினத்துல ஐஸ் பிளான்ட். வீடு ஆவுடையார்கோவில். மகன் வயித்துப் பேரனுக்குக் காதுகுத்து வச்சிருந்தாரு. அந்த பிளான்ட்ல கம்ப்யூட்டர் வேலைக்கு இருக்கவன்தான் சந்தோஷ்குமார். அதுக்கு முன்னாடி ஆறு வருசம் திருப்பூர்ல ஒரு ரூம்ல எட்டுப் பேரோட படுத்து எந்திரிச்சவன். பொண்டாட்டி இளமதி இங்கிட்டு, அவன் அங்கிட்டு. இப்பத்தான் ஒரு வருசமா ராத்திரி சோத்தை வீட்ல சாப்புடுறான்.

படகுக்காரங்க ஐஸ் சொல்றதுக்காக அவன் ஒரு சாட்பாட் போட்டு வச்சிருந்தான். யூடியூப்ல பாத்து, நிறுத்தி நிறுத்திப் பாத்து, தானாக் கத்துக்கிட்டது. வாட்ஸ்அப், டெலிகிராம், மெசஞ்சர், இன்ஸ்டா நாலையும் கொண்டாந்து ஒரே எடத்துல மாட்டிவிட்டான். எந்த வாசல்ல எவன் வந்து கூப்புட்டாலும் உள்ள இருந்து ஒரே ஆளு பதில் சொல்லும். அதுக்குப் பேரு கேட்வே.

"இதையே காதுகுத்துக்கும் போட்டு விடுடா. எத்தன பேரு வாராங்கன்னு கச்சிதமாத் தெரியணும்"னு மொதலாளி ஆசப்பட்டாரு. சமையல் பொன்னுத்தாய் அம்மா. அது மண்டபத்துல அடுப்பு வைக்காது. தன் கொட்டகையில ஆக்கி, வேன்ல ஏத்திக் கொண்டாந்து எறக்கிப் பரிமாறிரும். கறி விருந்தா சைவமான்னு சம்மந்தக்காரங்களோட இழுபறியா இருந்ததுனால, "என்ன செய்யணும்னு அப்பறம் சொல்றேன்"னு மொதலாளி அதுக்கு வாக்கு மட்டும் குடுத்திருந்தாரு.

சந்தோஷ்குமாருக்கும் ஒரு வாக்கு குடுத்திருந்தாரு.

"ஒரு எலை கொறஞ்சாலும் சரி, ஒரு அண்டா சோறு மிஞ்சுனாலும் சரி, நீ திருப்பூர் பஸ் ஏறிரு."

அதனால மூவாயிரத்து எண்ணூறப் பாத்ததுமே அவனுக்குக் காதுல பனியன் மிஷின் சத்தம் கேக்க ஆரம்பிச்சிருச்சு. வீட்டுக்குப் போயி லேப்டாப்பத் தொறந்து பாத்தான். இளமதி தோளுக்குப் பின்னாடி நின்னு எட்டிப் பாத்தா.

ஒருத்தரு எழுதியிருந்தாரு: "பத்திரிகை கெடச்சுச்சு, ரொம்ப சந்தோசம். சரி, அப்ப வாரேன்."

பாட்: "நன்றி. தங்கள் வருகை பதிவு செய்யப்பட்டது. எத்தனை நபர்கள்?"

"எங்க வீட்ல ஏழு பேரு. ஏன்?"

"ஏழு பதிவு செய்யப்பட்டது."

"சரி சரி, வாரேன்."

"மேலும் ஏழு பதிவு செய்யப்பட்டது."

அந்த மனுசன் மெசஞ்சர்லயும் வந்து நலம் விசாரிச்சுட்டு, அங்கயும் ரெண்டு வாட்டி வாரேன்னு சொல்லிட்டுப் போயிருந்தாரு.

இளமதி சேலைத் தலைப்ப வாயில வச்சுக்கிட்டுச் சிரிச்சா.

"ஏங்க, நம்ம ஊர்ல போறவன்தான வாரேம்பான்? வாரவன் சொல்லாம கொள்ளாம வந்து நிப்பான்."

"சிரிக்காதடி. இது லாஜிக் எர்ரர்."

"எர்ரரோ கிர்ரரோ, நாலு பேருக்கு போனப் போட்டுக் கேட்டாத் தெரிஞ்சுட்டுப் போகுது."

"போனப் போட்டுக் கேக்குறதுக்கு கேட்வே எதுக்குடி?"

ஒரே ஆளு பல வாசல்ல வந்தா ஒருத்தனாத்தான் எண்ணணும்னு மாத்துனான். எப்படிக் கண்டுபுடிக்கிறது? பேரு ஒண்ணா இருந்தா ஆளு ஒண்ணு. சுளுவான வேலை. மாத்திவிட்டுட்டு நிம்மதியாத் தூங்குனான்.

காலையில பாத்தா கணக்கு நூத்திச் சொச்சத்துல நின்னுச்சு. "அப்பாடா"ன்னு நெனைக்கிறதுக்குள்ள மொதலாளிகிட்ட இருந்து போனு.

"டேய், வாசல்ல கூட்டம் நிக்கிதுடா. எவனக் கேட்டாலும் ஆத்மநாதங்குறான்!"

ஆவுடையார்கோவில்ல சாமி பேரு ஆத்மநாதர். தெருவுக்குப் பத்து ஆத்மநாதன் இல்லாட்டி அது அந்த ஊருத் தெருவே இல்ல. அத்தன பேரையும் பாட் ஒரே ஆளாக்கிருச்சு. மொத ஆத்மநாதன் வாரேன்னதும் பதிஞ்சுக்கிச்சு. அடுத்து வந்த ஒவ்வொரு ஆத்மநாதன்கிட்டயும், "நீங்கள் ஏற்கனவே சொல்லிவிட்டீர்கள். மறுபடியும் வர வேண்டாம்"னு சொல்லிருச்சு.

"வர வேண்டாமாம்ல?" ன்னாரு லாரி ஆபீஸ் ஆத்மநாதன். "இந்த வீட்டுக்கு நான் மொய் எழுதாத விசேசம் உண்டா?"

"அண்ணே, அது... ஒரே பேருங்கறதால..."

பெட்டிக்கடை ஆத்மநாதன் முன்னாடி வந்தாரு. "தம்பி, கோயிலுக்குள்ள இருக்கவருக்குத்தான் உருவம் கெடையாது. எங்களுக்குமா கெடையாது? நல்லாப் பாரு."

மொதலாளி வாசல்லயே எல்லாருக்கும் கும்புடு போட்டு, குடிக்கக் கலர் வாங்கிக் குடுத்து அனுப்பி வச்சாரு. அதுக்கப்பறம் இவன் பக்கம் திரும்புனாரு. அந்தத் திரும்பல்லயே திருப்பூர் பஸ்ஸு ஆரன் அடிச்சது கேட்டுச்சு.

"ரெண்டாவது, அது என்னடா 'பதிவு செய்யப்பட்டது'? தாலுகா ஆபீஸ் நோட்டீசு மாதிரி? மனுசன் பேசுற மாதிரி பேசச் சொல்லுடா அத."

பேர விட்டுட்டு போன் நம்பர வச்சு எண்ணச் சொன்னான். பேச்சையும் மாத்துனான். "வாங்க வாங்க", "வீட்ல எல்லாரும் சொகமா?"ன்னு தானே உக்காந்து டைப் அடிச்சான். நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு, உதயசூரியன் வர்ற வரைக்கும்.

உதயசூரியன்தான் புள்ளைக்குத் தாய்மாமன். குளத்தூர்க்காரரு. அவரு மடியில ஒக்கார வச்சுத்தான் காது குத்தணும். அவரு இன்ஸ்டால வந்து மரியாதையா ஒரு கேள்வி கேட்டாரு.

"மாமன் சீரு நாங்க என்ன செய்யணும்?"

பாட்டுக்குச் சீரு தெரியாது. அது பொறந்து வளந்தது ஐஸ் பிளான்ட்ல. அதுக்குத் தெரிஞ்சதச் சொல்லுச்சு.

"பார் ஐஸா, பொடி ஐஸாங்க? எத்தன பார் ஏத்தணும்?"

அர மணி நேரத்துல உதயசூரியன் மொதலாளிக்கு போன் போட்டாரு. ஸ்பீக்கர் போடாமலே பிளான்ட் பூராக் கேட்டுச்சு.

"என்ன மாமா, எங்க சீரு அம்புட்டு எளப்பமாப் போச்சா? ஐஸ்கட்டியத் தட்டுல வச்சுக் கொண்டாரச் சொல்றீங்களா?"

மொதலாளி போன வச்சாரு. வேட்டிய மடிச்சுக் கட்டுனாரு. சந்தோஷ்குமார் தானாவே, "இந்தா மாத்திர்றேண்ணே"ன்னு உக்காந்துட்டான்.

இனிமே எவன் "என்ன செய்யணும்"னு கேட்டாலும் பதில் பெருந்தன்மையா இருக்கணும்னு யோசிச்சான். யோசிச்சு, அவனே மெச்சிக்கிற மாதிரி ஒண்ணு எழுதுனான்:

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். வந்து எலையில ஒக்காந்தாப் போதும்."

இளமதிகிட்ட வாசிச்சுக் காமிச்சான்.

"நல்லாத்தான் இருக்கு. யாருகிட்டச் சொல்றோம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"எல்லாருக்கும் பொருந்துற மாதிரிதான்டி எழுதியிருக்கேன்."

"அதான் பயமா இருக்கு"ன்னுட்டு அவ மாவாட்டப் போயிட்டா.

பதில் மொதல்ல உதயசூரியனுக்குத்தான் போச்சு. அடுத்த போனு வந்துச்சு.

"மாமனை ஒண்ணும் செய்ய வேணாம்னுட்டீங்க. அப்ப மடி மட்டும் எதுக்கு? அதையும் எவன்கிட்டயாவது வாடகைக்கு எடுத்துக்கங்க!"

மொதலாளியம்மா அழுதுச்சு. மருமக சாப்புடல. மொதலாளி வந்து சந்தோஷ்குமாரு தோள்ல கைய வச்சாரு. வச்ச கைய எடுக்கல.

"எல்லாத்தையும் அழி."

"அனுப்புனத அழிக்க முடியாதுண்ணே. வேணும்னா முன்னாடி வந்ததக் கண்டுக்காதீங்கன்னு எல்லாருக்கும் போட்ருவோமா?"

"எதையாவது போட்டுத் தொலை."

போட்டான். "முன்னாடி வந்த மெசேஜ் எதையும் கண்டுக்க வேணாம்." நாலு வாசல்லயும், பிளான்ட் போன்ல இருந்த அத்தன நம்பருக்கும் போச்சு. காதுகுத்து நின்னு போச்சுன்னு ஊரு முடிவு பண்ணிருச்சு. மொதலாளிக்கு நெஞ்சுவலின்னு ஒரு தெரு, மருமக கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்னு இன்னொரு தெரு. பெட்டிக்கடை ஆத்மநாதன் ஆரஞ்சுப் பழத்தோட துக்கம் விசாரிக்க வந்துட்டாரு. ஐஸ் சொல்லியிருந்த படகுக்காரங்க ஐஸும் இல்ல போலன்னு வேற பிளான்ட்டுக்கு வண்டியத் திருப்பிட்டாங்க.

அன்னைக்குச் சாயங்காலமே இன்னொன்னு போட வேண்டியதாப் போச்சு. "காதுகுத்து உண்டு. எல்லாரும் குடும்பத்தோட அவசியம் வரணும்."

எல்லாரும்னா எல்லாரும். டீசல் போடுற பங்க்காரன், பஞ்சர் கடைக்காரன், கரண்ட்டு ரீடிங் எடுக்க வர்றவரு, பத்து வருசமாப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி, எப்பவோ தெரியாம நம்பர் மாத்திக் கூப்புட்ட ஒரு மதுரைக்காரரு. அவரும் "சந்தோசம், வாரேன்"னு போட்டிருந்தாரு.

ஆனா ஒண்ணு, கணக்கு இந்தவாட்டி அசையாம நின்னுச்சு. சந்தோஷ்குமார் நம்பர் நம்பரா சரி பாத்தான். அறுநூத்திப் பன்னெண்டு. ஆத்மநாதனுக தனித்தனியா இருந்தாங்க. 'போயிட்டு வாரேன்'னு சொன்னவங்களக் கழிச்சிருந்துச்சு. மொதலாளியும் ஒரு வழியா, "சைவமே இருக்கட்டும்"னுட்டாரு.

"பொன்னுத்தாய்க்குச் சொல்லிட்டியா?"

"இந்தாச் சொல்லிர்றேண்ணே."

கேட்வே வழியாவே அனுப்புனான். "அறுநூத்திப் பன்னெண்டு எலை." சைவம்னு சேத்துப் போடலாம்னு நெனைக்கையில படகுக்காரன் ஒருத்தன் வந்து ஐஸுக்குச் சண்டை போட்டதுல விட்டுப் போச்சு. வேணும்னா அந்தம்மாவே கேட்டுக்கும். கேட்டா பாட் சொல்லிரும்.

வீட்டுக்கு வந்து பாத்தா அந்தம்மாகிட்ட இருந்து கடைசியா ஒரு வரி வந்து கெடந்துச்சு.

"சரிங்க தம்பி, வாரோம்."

"எதுக்கும் ஒரு போன் போட்டுருங்களேன்"ன்னா இளமதி.

"இந்தா, ப்ளூ டிக் விழுந்து பதிலே வந்திருச்சு. இதுக்கு மேல என்னடி வேணும்?"

காதுகுத்தன்னைக்கு மண்டபம் நெறஞ்சு போச்சு. கோவிச்சவன் ஒருத்தன் விடாம வந்துட்டான். என்ன நடக்குதுன்னு பாக்கணும்ல? ஆத்மநாதனுக மட்டும் ரெண்டு வரிசை. பேசாத பங்காளி வெள்ள வேட்டியில வந்து, "நீயாக் கூப்புடுவேன்னு நான் கனவுலயும் நெனைக்கலடா முத்து"ன்னு கண்ணத் தொடச்சாரு. மொதலாளி என்ன செய்யிறதுன்னு தெரியாம அவரக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. உதயசூரியன் ஒண்ணும் செய்ய வேணாம்னவங்களுக்குச் செஞ்சு காட்டணும்னு வீம்புல ரெண்டு மினி லாரி நெறய சீரக் கொண்டாந்து எறக்குனாரு. கூடவே ஒரு ஐஸ் பாரும் வந்துச்சு, மஞ்சத் துணியில சுத்தி. புள்ள அவரு மடியில ஒக்காந்து ஊரே கேக்குற மாதிரி வீறிட்டுச்சு. காது குத்தியாச்சு.

மொதலாளி சந்தோஷ்குமார ஓரமாத் தள்ளிக்கிட்டுப் போனாரு.

"டேய், எலைக்கட்ட எண்ணச் சொன்னேன். ஆளு எண்ணச் சொன்னேன். கச்சிதமா நிக்கிது. நீ இனிமே திருப்பூர்ப் பக்கம் தலை வச்சுப் படுக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

சந்தோஷ்குமாருக்குக் கண்ணு கலங்கிருச்சு. கூட்டத்துல இளமதியத் தேடி, பாத்தியா நம்ம கேட்வேயங்குற மாதிரி புருவத்தத் தூக்கிக் காட்டுனான். அவ பக்கத்துல வந்தா.

"எல்லாஞ் சரிங்க. சாம்பார் வாசமே வரலியே?"

"வேன்ல வருதுடி."

மொத பந்தி ஒக்காந்துருச்சு. எலை போட்டாச்சு, தண்ணி தெளிச்சுத் தொடச்சாச்சு. லாரி ஆபீஸ் ஆத்மநாதன் எலையோட நுனி எந்தப் பக்கம் இருக்குன்னு சரி பாத்து, சட்டைக் கைய மடிச்சு விட்டுக்கிட்டாரு. வாசல்ல ஆரன் சத்தம் கேட்டுச்சு. பொன்னுத்தாய் வேன்தான்.

"வந்துருச்சு, வந்துருச்சு!" சந்தோஷ்குமார் அண்டா எறக்க ஓடுனான்.

வேன் கதவு தொறந்துச்சு. மொதல்ல ஒரு ஜவுளிக்கடைப் பை எறங்குச்சு. அப்பறம் அரக்குப் பட்டுச்சேலை, தலை நெறய மல்லியப்பூவோட பொன்னுத்தாய் எறங்குச்சு. பின்னாடியே பரிமாறுற ஆளுக அத்தன பேரும் பவுடர் பூசி, இஸ்திரி போட்ட சட்டையோட எறங்குனாங்க. அதுக்குப் பின்னாடி வேன்ல ஒண்ணும் இல்ல.

எல்லாரும் நேரா உள்ள போயி, காலியாக் கெடந்த எலைகள்ல வரிசையா ஒக்காந்தாங்க. பொன்னுத்தாய் தன் எலைக்குத் தானே தண்ணி தெளிச்சுக்கிட்டு, நிமிந்து பாத்து வாய் நெறயச் சிரிச்சுச்சு.

"ஏந்தம்பி, முப்பது வருசமா ஊருக்கே ஆக்கிப் போட்டிருக்கேன், 'நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், வந்து எலையில ஒக்காந்தாப் போதும்'னு ஒருத்தரும் என்னையச் சொன்னதில்ல, ஆமா, இன்னைக்கு யாரு சமையல்?"