நிச்சயதார்த்தத்தில் நீர்க்கடுப்பு

உடம்பைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்றுதான் போன வருஷம் வரைக்கும் இருந்தேன். ஆறாங்கிளாஸோடு படிப்பை விட்டவன், எடமலைப்பட்டி புதூரில் சொந்தமாக கிரில் பட்டறை போட்டு, பாதி ஊருக்கு கேட் மாட்டியவன். நான் போய் டாக்டர் முன்னால் உட்காருவேனா?

வெல்டிங்கில் இறங்கிவிட்டால் தண்ணீர் குடிக்கமாட்டேன், ஒன்றுக்குப் போகவும் எழுந்திருக்கமாட்டேன். அதனால் நீர்க்கடுப்பு அடிக்கடி வரும். மெடிக்கலில் போய், "அதே மாத்திரைப்பா" என்பேன். எரிச்சல் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுவேன். மீதி சட்டைப்பையில், அடுத்த தடவைக்கு. (பக்கத்துக் கடைக்காரர்களுக்குத் தானமும் உண்டு.)

மகள் செல்விக்கு ஸ்ரீரங்கத்தில் நிச்சயதார்த்தம். அதற்கு முந்தின வாரம் குளிர்ஜுரம் என்னைத் தூக்கிப் போட்டது. என் மாத்திரை எதற்கும் அது அடங்கவில்லை. மனைவி ஆட்டோவில் அள்ளிப்போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். சிறுநீரைச் சோதித்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்:

"ஐயா, நீங்க இஷ்டத்துக்கு மாத்திரை போட்டுப் போட்டு, மாத்திரைக்குச் சாகாத கிருமி மட்டும் தப்பிச்சுப் பெருகியிருக்கு. இனி ஊசிதான். விட்டா ரத்தத்துல கலந்துடும்."

"என் உடம்புல வளர்ந்ததுல்ல? லேசுல விட்டுக்கொடுக்காது" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

நிச்சயத்தன்று காலை ஊசி போட்டுவிட்டு, சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். கையில் ஊசிக்காகக் குத்திய குழாய் அப்படியே இருந்தது. முழுக்கைச் சட்டையால் மறைத்தேன்.

தாம்பூலத் தட்டை நீட்டும்போது சட்டைக்கை மேலே ஏறிவிட்டது. சம்பந்தி தட்டை வாங்காமல் குழாயையே பார்த்தார்.

"என்னங்க இது? டயாலிசிஸா? எங்ககிட்ட மறைச்சிட்டீங்களா?"

தட்டு அந்தரத்தில் நின்றது. செல்வியின் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க! ஒண்ணுக்குப் போனா எரியுது, அவ்வளவுதான்!" என்றேன். எனக்குக் கணீர்க் குரல். நாதஸ்வரக்காரரும் அந்த நேரம் பார்த்துத்தானா மூச்சு வாங்குவார்? மண்டபம் முழுக்கக் கேட்டது.

முன்வரிசையில் இருந்த மாப்பிள்ளையின் அத்தை, "எனக்கும் அதேதாங்க. வெளிய சொல்லக் கூச்சமா இருந்துச்சு" என்றார்.

என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. "இந்தாங்க, ரெண்டு போடுங்க, பறந்துடும்!"

"அப்பா!" பட்டுப்புடவையோடு செல்வி பாய்ந்து வந்து மாத்திரை அட்டையைப் பிடுங்கினாள். "அது உங்களுக்கே கேக்காமத்தான் குழாயோட நிக்கிறீங்க! அத்தை, நீங்க டாக்டர்கிட்ட போய் டெஸ்ட் எடுங்க."

சம்பந்தி வாய்விட்டுச் சிரித்தார். "இந்தப் பொண்ண விடமாட்டோம். கொடுங்க தட்டை!"

ஊசியை ஒன்று விடாமல் போட்டுக்கொண்டு எழுந்தேன், கல்யாணமும் ஜோராக நடந்தது. இன்றைக்கும் அந்த வீட்டில் யாராவது தும்மினால், "செல்வி அப்பா காதுக்குப் போகாம பாத்துக்கங்க" என்கிறார்கள்.

என்மேல் அவர்களுக்கு அவ்வளவு மரியாதை.