பலா மரத்துக்கு மொட்டையடித்த கதை

நெய்வேலி டவுன்ஷிப்பில் வீடு யாருக்கும் சொந்தமில்லை. வேலை இருக்கும்வரை குவார்ட்டர்ஸ். ரிட்டயர் ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். ஆனால் கொல்லையில் இருக்கும் மரம் மட்டும் எல்லோருக்கும் சொந்தம். நட்டவர் தன்னுடையது என்பார், அடுத்துக் குடிவருபவரும் தன்னுடையது என்பார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ரம்பத்தோடு போய் நிற்பவன் முட்டாள். நான் போய் நின்றேன். அதுவும் தொழில் தொடங்கிய முதல் வாரத்திலேயே.

அதற்கு முன்பு ஒரு நர்சரியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கல்யாணமான புதிது. என் மனைவி சுமதியின் அண்ணன் செந்தில், சுரங்க வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர். (சூப்பர்வைசர் என்றால், மற்றவர்கள் மண் அள்ளும்போது நிழலில் நின்று போன் பேசுகிறவர்.) சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடினால் போதும், "எதுக்கு மாப்ள செடி கொடின்னு சுத்திகினு இருக்கீங்க? எங்கிட்ட வந்துடுங்க, நான் பாத்துக்கறேன்" என்பார். எரிச்சலாக இருக்கும். அந்த ஆளிடம் கைகட்டி நிற்பதைவிட மரத்திலிருந்து விழலாம் என்று முடிவு செய்து, நர்சரி வேலையை விட்டேன். ரம்பம், கயிறு, அலுமினிய ஏணி எல்லாம் வாங்கினேன். ஏணியின் பக்கவாட்டில் சிவப்புப் பெயின்டில் என் பெயர், போன் நம்பர், அதற்குக் கீழே 'தோட்டம், மரம் அனைத்து வேலைகளுக்கும்'. சுமதி ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: இது சரிப்படவில்லை என்றால் மறுபேச்சில்லாமல் அண்ணனிடம் போய்விட வேண்டும்.

முதலில் கிடைத்தவர் மாணிக்கம் சார். கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆபீசர், அதிர்ந்து பேசாதவர். "நான் இப்ப வேற குவார்ட்டர்ஸ் மாறுறனுங்க தம்பி. அங்க ஒரு பலா இருக்குது. அதுக்காகவே அந்த வீட்டைக் கேட்டு வாங்கினேன். மாசாமாசம் நீங்கதான் தோட்டத்தைப் பார்த்துக்கோணும். நல்லாப் பண்ணுனீங்கன்னா எங்க தெரு முழுக்க நானே சொல்லிவிடறேன்" என்றார். ஒரு தெரு முழுக்க. அது கிடைத்தால் செந்தில் மச்சான் இருக்கிற பக்கமே தலைவைத்துப் படுக்க வேண்டாம். எந்த பிளாக், எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் தொழிலுக்குப் புதுசு என்று கண்டுபிடித்துவிடுவாராம்.

மறுநாளே தங்கவேல் சார் கூப்பிட்டார். ரிட்டயர் ஆகி வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். வாசலில் லாரி நின்றது. அவர் என்னை நேராகக் கொல்லைக்குக் கூட்டிப்போனார்.

"இது நான் வெச்ச மரம் தம்பி. காடாம்புலியூர்லேர்ந்து கன்னு கொண்டாந்து வெச்சேன். இப்ப எவனோ ஒரு ஆபீசர் இந்த மரத்துக்காகவே வீட்டைக் கேட்டு வாங்கிருக்கானாம். அவன் வாயில ஒரு சுளை போவக் கூடாது. மரத்த வெட்டுனாத்தான் பெர்மிஷன் கேப்பாங்க. கெளைய கழிச்சு வுட்டா யாரும் கேக்க மாட்டாங்க. நீ மொட்டையா கழிச்சு வுட்டுடு."

மூளை உள்ளவனுக்கு இந்த இடத்தில் பொறி தட்டியிருக்கும். எனக்குத் தட்டவில்லை. (நெய்வேலியில் எந்த வீட்டில் பலா இல்லை? எந்த ஆபீசர் வீடு மாறவில்லை?) மாசி மாதம், மரம் கொள்ளாத பிஞ்சு. பலாவுக்குப் பேர்போன அந்தக் காடாம்புலியூரிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். ஒரு பலாவை எப்படிக் கழிக்கக் கூடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். எப்படிக் கழிக்கக் கூடாதோ அப்படியே கழித்தேன்.

கடைசிக் கிளையும் விழுந்தபோது அவருடைய மனைவி வெளியே வந்து பார்த்தார். "இப்ப நிம்மதியா?" என்று கணவரிடம் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். தங்கவேல் சார் குனிந்து, கீழே கிடந்த பிஞ்சுகளைப் புரட்டினார். கூலியோடு நல்ல பிஞ்சாக இரண்டைப் பொறுக்கி என் கையில் கொடுத்தார். அவற்றை ஸ்கூட்டரில் வைத்துக் கட்டும் சந்தோஷத்தில் ஏணியை அங்கேயே மறந்துவிட்டேன்.

அடுத்த நாள் அந்தப் பிஞ்சுகளோடு மாணிக்கம் சார் வீட்டுக்குப் போனேன். வாடிக்கையாளரைக் கைக்குள் போட்டுக்கொள்ளும் திறமை எனக்கு இருப்பதாக நினைப்பு. அவர் மனைவி ஆசையாக வாங்கி, அப்போதே பொரியலுக்கு நறுக்க உட்கார்ந்தார். "நல்ல ஜாதிப் பலாவாட்டம் இருக்குது. எங்கே புடிச்சீங்க?" என்றார் சார். "நமக்குத் தெரிஞ்ச மரம் சார்" என்றேன்.

"சாவி இன்னைக்குத்தான் கைக்கு வந்துச்சு. வாங்க, மரத்தைப் பார்த்துட்டு வந்துரலாம்" என்று தன் வண்டியில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார்.

முதல் வளைவில் ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாவது வளைவில் ஒரு பிள்ளையார் கோயில் வந்தது. முந்தின நாள் நான் தேங்காய் உடைத்துவிட்டு வேலைக்குப் போன கோயில். டவுன்ஷிப்பில் எல்லாத் தெருவும் ஒரே மாதிரிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வண்டி நின்றதும் அந்தச் சமாதானமும் போய்விட்டது.

கொல்லையில் மரம் இல்லை, ஒரு கம்பம் இருந்தது. வெட்டிய இடமெல்லாம் பால் வடிந்து காய்ந்திருந்தது. மாணிக்கம் சார் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"யார் தம்பி இப்படிப் பண்ணியிருப்பாங்க?"

பேசாமல் இருந்திருக்கலாம். பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. "வேலை தெரியாதவன் சார். இந்த வெட்டைப் பாருங்க, பட்டையோட கிழிச்சிருக்கான். இவனையெல்லாம் மரத்துப் பக்கமே வுடக் கூடாது."

அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே தலையை நீட்டினார். கண் இரண்டும் சிவந்திருந்தது. கையில் என் ஏணி.

"தம்பி, நேத்து ஏணிய வுட்டுட்டுப் பூட்டீங்களே, தங்கவேல் சார் எங்கிட்ட குடுத்துட்டுப் போனாரு. நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து படுத்தா, நாள் பூரா கரகரன்னு அறுத்துகினே இருந்தீங்க. ஒரு பொட்டு தூக்கம் இல்ல."

மாணிக்கம் சார் ஏணியை வாங்கி, அதில் எழுதியிருந்ததை மேலிருந்து கீழ்வரை படித்தார். போன் நம்பரையும் விடவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்போ அந்தப் பிஞ்சு?"

"இந்த மரம்தான் சார்."

அவர் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "ஏணியை வண்டியில ஏத்த முடியாதுங்க தம்பி. நீங்க நடந்தே வந்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். என் பெயர் எழுதிய ஏணியைத் தோளில் சுமந்துகொண்டு அந்தத் தெரு முழுக்க நடந்தேன். எனக்கு வரவேண்டிய தெரு.

அடுத்த திங்கட்கிழமை செந்தில் மச்சான் முன்னால் போய் நின்றேன். அவர் போனை வைக்கும்வரை நின்றேன். இன்றைக்கும் அவரிடம்தான் இருக்கிறேன். காதுகுத்து, வளைகாப்பு, புதுமனைப் புகுவிழா எதுவானாலும் சாப்பாட்டுப் பந்தியில் இந்தக் கதையை அவர்தான் ஆரம்பிப்பார். "எங்க மாப்ள ஒரு பலாவ வெட்டல, ஒரு தெருவையே வெட்டிட்டாரு" என்பார். பந்தி சிரிக்கும், சுமதியும் சிரிப்பாள். சம்பளம் கொடுக்கிறவர் சொல்வதால் நானும் சிரித்து வைப்பேன்.

இப்போதெல்லாம் என் மகளே இந்தக் கதையைத் தன் தோழிகளுக்குச் சொல்கிறாள். தலையை நீட்டுகிற பக்கத்து வீட்டுக்காரர், நறுக்கிய பிஞ்சு, எதையும் விடுவதில்லை. அவள் சொல்லும் கதையில், கடைசியில் செந்தில் மாமா வந்து அப்பாவுக்கு வேலை கொடுத்துக் காப்பாற்றுகிறார். அது தப்பு என்று அவளிடம் சொல்ல ஒவ்வொரு முறையும் வாயைத் திறக்கிறேன். ஆனால் நடந்தது அதுதான்.