யானைக் கட்சிக்காரன் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள்

அமெரிக்கா எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கையைக் காட்டத் தெரியாது. ஆனால் அந்த நாட்டுத் தேர்தலால் என் மகள் வள்ளியின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. அதற்கு அமெரிக்காக்காரன் யாரும் பொறுப்பில்லை. நான்தான்.

பர்மாவில், பசுந்தாங் பேட்டையில் எனக்கு மின்விசிறி, தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கிற சின்னக் கடை. கரண்டு இருக்கிற நேரம் வேலை, இல்லாத நேரம் எதிரே இருக்கிற தேநீர்க் கடை. அங்கே உள்ளூர் அரசியலை யாரும் வாயில் எடுப்பதில்லை. எடுக்கவும் கூடாது. அமெரிக்க அரசியல் என்றால் மேசையைத் தட்டிக் கத்தினாலும் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதனால் நாங்கள் எல்லோரும் அமெரிக்காவைக் கரைத்துக் குடித்தவர்கள் ஆகிவிட்டோம் (எட்டாவதைத் தாண்டாத நான் உட்பட).

அங்கே இரண்டு பெரிய கட்சி. ஒன்றுக்கு யானைச் சின்னம், இன்னொன்றுக்குக் கழுதை. எனக்கு இதற்குமேல் ஆராய்ச்சி தேவைப்படவில்லை. யானை முகத்தானை வணங்காமல் கடைக் கதவைத் திறக்காதவன் நான். தேர்தலுக்கு முதல் நாள் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். அர்ச்சனை யார் பேருக்கு என்று குருக்கள் கேட்டார். யானைக்கட்சி பேருக்கு என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சாமி பேருக்கே செய்துவிட்டார்.

யானை ஜெயித்தது. நானே நின்று ஜெயித்த மாதிரி தெருவில் நடந்தேன். அந்த மிதப்பு இறங்குவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்துவிட்டார்கள்.

பையன் பெயர் சரவணன். ஆலைகள் நிறைந்த லைங் தாயா பகுதியில் ஒரு தையல் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். தங்கமான பையன். ஜாதகம் அம்சமாகப் பொருந்தியிருந்தது. வள்ளிக்கும் பிடித்திருந்தது (போனில் எப்போதோ பேசி முடித்துவிட்டார்கள் என்பது வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியாதாம்). அவன் அப்பாவை எல்லோரும் ஊ ராமையா என்பார்கள் (பெரியவர்களை பர்மியில் 'ஊ' போட்டுத்தான் கூப்பிடுவது). ரொம்ப மரியாதைக்காரர். என் மனைவி அன்னம் குத்துவிளக்கு ஏற்றி, வெற்றிலைத் தட்டு வைத்து, லப்பெ தட்டில் ஊறின தேயிலையையும் வறுத்த பருப்பையும் பரப்பி வைத்திருந்தாள். கேசரி தனி. பேச்சு எங்கள் பாட்டன்மார் வந்த கப்பலில் தொடங்கி நல்லபடியாகத்தான் போனது.

நடுவில் ஊ ராமையா ஒரு பெருமூச்சு விட்டு, அமெரிக்காவில் இப்படி ஆகிவிட்டதே என்றார்.

எப்படி ஆகிவிட்டது என்று நான் கேட்டிருக்கக் கூடாது.

அவர் கழுதைக் கட்சி. ஏழைக்கு வைத்தியச் செலவைப் பார்ப்பார்கள், அகதிகளுக்குக் கதவைத் திறப்பார்கள், நம் மாதிரி நாடுகளுக்கு உதவி அனுப்புவார்கள் என்று நிதானமாகச் சொன்னார். யானைக் கட்சி கடைக்காரனுக்கு வரியைக் குறைக்கும், சாமி கும்பிடுகிறவனை மதிக்கும், சொந்த நாட்டுத் தொழிலாளியை முதலில் பார்க்கும் என்று நான் நிதானமில்லாமல் சொன்னேன். சமையலறை வாசலில் அன்னம் கண்ணைக் காட்டினாள். கேசரி வைக்கட்டுமா என்று கேட்கிறாள்போல என்று நினைத்துத் தலையாட்டினேன்.

ஊ ராமையா கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "வெளிநாட்டுச் சரக்குக்கெல்லாம் வரியைத் தூக்குவோம்னு சொல்றாங்களே. இங்கே தைக்கிற சட்டையை அப்புறம் யாரு வாங்குவா? ஃபாக்டரியை மூட வேண்டியதுதான்."

நான் சொன்ன பதிலை இன்றைக்கு நினைத்தாலும் என் வாயில் நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

"மூடட்டுமே. அவன் ஊரு தையல்காரன் பிழைக்க வேண்டாமா?"

சரவணன் கையில் இருந்த தம்ளரை மெதுவாகக் கீழே வைத்தான். வருகிற மருமகனின் வேலையை அவன் முகத்துக்கு நேரே பிடுங்கி, பேர் தெரியாத ஓர் அமெரிக்கத் தையல்காரனுக்குத் தானம் செய்திருக்கிறேன் என்பது அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. விவாதத்தில் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். வெற்றியை முடித்து வைக்க எழுந்து நின்றேன்.

"ஊ ராமையா, ஒண்ணே ஒண்ணு சொல்றேன். யானை பிள்ளையார் அம்சம். கழுதை மேல ஏறி வர்றது யாரு? மூதேவி."

அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்த கணத்தில்தான், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கையில் காபித் தட்டோடு, என் மகள் நிலைப்படியைத் தாண்டி வலது காலை உள்ளே வைத்தாள்.

பையனின் அம்மா காதைப் பொத்திக்கொண்டார். விளக்கு எரிகிற வீட்டில், பெண் காலெடுத்து வைக்கிற நேரத்தில், பெற்ற தகப்பன் வாயால். அவர் எழுந்தார். மற்றவர்களும் எழுந்தார்கள். வெற்றிலைத் தட்டை யாரும் தொடவில்லை. சரவணன் மட்டும் செருப்பைப் போட்டுக்கொண்டே வள்ளியைத் திரும்பிப் பார்த்தான்.

அதற்குப்பிறகு வீட்டில் எனக்குச் சோறு கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை. வள்ளி அழவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. பிள்ளையாரிடம் போய், நீ ஜெயித்தது போதும், என் பிள்ளையை ஜெயிக்க வை என்று கும்பிட்டேன். மறுநாள் பழத்தட்டை எடுத்துக்கொண்டு ஊ ராமையா வீட்டுக்குப் போனேன்.

அவர் உட்காரச் சொன்னார். மன்னிப்புக் கேட்டேன். உங்கள் மகன் தைக்கிற சட்டையை அமெரிக்காவே உடுத்தட்டும் என்றுகூடச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அந்த அம்மாவுக்கு வரவில்லை. சகுனம் கெட்டுவிட்டது, பரிகாரம் செய்தால்தான் மேற்கொண்டு பேச்சு என்றார். என்ன பரிகாரம் என்றாலும் செய்கிறேன் என்றேன்.

ஊ ராமையா உள்ளே போய்ச் சட்டம் போட்ட படம் ஒன்றைக் கொண்டுவந்தார். தமிழ்நாட்டிலிருந்து யாரோ எப்போதோ கொடுத்ததாம். படத்தில் ஒரு கழுதை. கீழே, 'என்னைப் பார் யோகம் வரும்'.

"சம்பந்தி," என்றார். முதல் தடவையாக அப்படிக் கூப்பிட்டார். "இதை உங்க கடையில மாட்டணும். பிள்ளையாருக்குப் பக்கத்துல."

மாட்டினேன். தை மாதம் கல்யாணம் நடந்தது. தொழிற்சாலையும் இதுவரைக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கடைக்கு வருகிற பர்மியர்கள் இது என்ன தமிழ்ச் சாமி என்று கேட்கிறார்கள். நான் என்ன சொல்ல முடியும், சம்பந்தி சாமி என்கிறேன்.

வெள்ளிக்கிழமை தோறும் கடையில் பிள்ளையாருக்குச் சூடம் காட்டிவிட்டுத் திரும்புவேன். வள்ளி வந்திருந்தால் பின்னாலிருந்து அவள் குரல் கேட்கும்.

"அப்பா, எதிர்க்கட்சிக்கும் காட்டுங்க."