வாந்தி வராத குற்றம்

அருள்சாமி லாரி டிரைவர் ஆவதென்று முடிவு செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து, அடுப்பில் பன்றிக்கறி வெந்துகொண்டிருந்த நேரம். இத்தனை வருடம் காப்பிச் செடிக்கு மருந்தடித்த கை இனிமேல் ஸ்டியரிங்தான் பிடிக்கும் என்று அடுப்படி வாசலில் நின்று அறிவித்தான். உள்ளே கரண்டி ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடியும் கிண்ட ஆரம்பித்தது.

“நல்லதுங்க,” என்றாள் மனைவி ஜெயமேரி. “நம்ம எஸ்டேட்லயே ஆள் எடுத்துப் பழக்கி உடறாங்களாம். காசு கெடையாது. மூணு வருசம் எஸ்டேட் லாரிதான் ஓட்டுவேன்னு கையெழுத்துப் போட்டாப் போதும்.”

“எஸ்டேட்ல என்ன புள்ள பழக்குவாங்க? சேலத்துல டிரைவிங் ஸ்கூல் இருக்குது. மேல பேன் ஓடுது, மேசை மேல இஞ்சினைப் பொளந்து வெச்சுப் பாடம் நடத்தறாங்க. மூணே மாசம். வெளிய வந்தா பம்பாய், கல்கத்தான்னு போயிக்கிட்டே இருக்கலாம்.”

“எப்ப வருவீங்க?”

“எங்க?”

“ஊட்டுக்குத்தானுங்க.”

கல்கத்தாவரை யோசித்தவன் இந்தக் கேள்வியை யோசிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், இஞ்சினைப் பிளந்து பார்க்கிற ஆசையும் அவனுக்கு அவ்வளவாக இல்லை. சேலத்தில் மூன்று மாதம்! விடியுமுன் “ஏனுங்க, தண்ணி” என்று எழுப்ப ஆளில்லை. இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் பேன் பார்த்துச் சடை பின்ன வேண்டியதில்லை. புரோட்டா, மேட்னி, மறுபடி புரோட்டா, செகண்ட் ஷோ. நினைக்க நினைக்க அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

“யாராச்சும் ஒரு ஆளு பொழுது சாய இந்த ஊட்டுக்கு வந்து சேரணுமுங்க. அதை மட்டும் மனசுல வெச்சுக்கங்க,” என்றாள் ஜெயமேரி. கறியில் உப்புப் பார்த்தபடி, தான் வேலை செய்யும் கான்வென்ட் கதைக்குத் தாவினாள். “சிஸ்டருங்க புதுசா ஜீப்பு வாங்கியிருக்காங்க. ஓட்டறதுக்குப் பொம்பளையாளுதான் வேணுமாம், கெடைக்கலையாம்.”

“ஜீப்பெல்லாம் ஒரு வண்டியா?” என்று வருங்கால லாரி டிரைவர் அதை ஒதுக்கித் தள்ளினான்.

வாரம் முழுக்க வாக்குவாதம். கடைசியில் ஜெயமேரியே இறங்கி வந்தாள்.

“சரிங்க. மொதல்ல எஸ்டேட்ல போய் நில்லுங்க. அவங்க வேண்டாம்னுட்டா பட்டியில நிக்கற பன்னியை வித்து உங்களைச் சேலத்துல சேத்து உடறேன். மாதா மேல ஆணை.”

“எடுத்துக்கிட்டா?”

“மறுபேச்சில்லாமக் கையெழுத்துப் போட்டுரோணும்.”

“மாதா மேல ஆணை!” என்று அவனும் அடித்துச் சொன்னான். சொன்ன வேகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவதுபோல் வெளியே ஓடினான்.

எஸ்டேட் தன்னை எடுக்காது என்பதில் அவனுக்குத் துளியும் சந்தேகமில்லை. மலையில் பிறந்து மலையில் வளர்ந்தவனுக்கு மலைப்பாதை ஆகாது. சேலம் பஸ் முதல் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது வாயில் எச்சில் ஊறும். மூன்றாவதில் தலை ஜன்னலுக்கு வெளியே போய்விடும். கண்டக்டர்கள் அவனைக் கண்டாலே கடைசி ஜன்னலைக் காட்டுவார்கள். மோந்து பார்க்க எலுமிச்சம்பழம் ஒன்றை முந்தானையில் முடிந்துகொள்ளாமல் ஜெயமேரி அவனோடு பஸ் ஏறியதே இல்லை. ஒரே ஒரு தடவைதான் தப்பினான். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஞானசுந்தரத்துக்குக் கால் பிசகியபோது, அவருடைய மோட்டார் சைக்கிளிலேயே அவரைப் பின்னால் உட்காரவைத்துச் சேலம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனான். அன்றைக்கு ஒரு ஏப்பம்கூட வரவில்லை. வெறும் வயிறு என்பதால்தான் என்று முடிவு கட்டிக்கொண்டான்.

எஸ்டேட் ஹெட் டிரைவர் அங்கப்பனோ ஆள் எடுப்பதில் ஒரே ஒரு பரீட்சைதான் வைப்பார். ஆளை லாரியில் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து எஸ்டேட் பாதையில் சுற்றி வருவார். குமட்டினால் வீட்டுக்குப் போகலாம். “ஓட்டறதை எவனுக்கும் பழக்கிருவேன். வயித்துக்குப் பழக்க என்னால ஆகாது,” என்பார்.

பரீட்சையன்று காலையில் வெறும் வயிறு கூடாதென்று அருள்சாமி கண்ணும் கருத்துமாகச் சாப்பிட்டான். முந்தின நாள் கறி, அதன் மேல் மோர், அதன் மேல் பலாச்சுளை, அதன் மேல் வாழைப்பழம்.

“இன்னும் ரெண்டு சுளை தின்னுங்க. நொம்ப தூரம் சுத்தோணும்,” என்று ஜெயமேரி அன்பாக எடுத்து வைத்தாள். பாவம், வெள்ளந்தி என்று அவன் மனம் இளகிப் போனது. சேலத்திலிருந்து அவளுக்கு ஒரு புடவை வாங்கி வரவேண்டும்.

காப்பிக் களத்தில் லாரி தயாராக நின்றது. அருள்சாமி வயிற்றைத் தடவியபடி இடது பக்கக் கதவைத் திறந்தான்.

“அங்கில்லடா அருளு. இந்தப் பக்கம் ஏறு. ஸ்டியரிங்கைப் புடி,” என்றார் அங்கப்பன்.

“அண்ணே, நானுங்களா?”

“களத்துல டிராக்டரை நகத்தறவன்தானே நீ? மொதல் கியர்லயே போ. நான் பக்கத்துல இருக்கறேன்.”

லாரி உறுமிக்கொண்டு ஏறியது. முதல் வளைவு. எச்சில் ஊறும் என்று காத்திருந்தான். ஊறவில்லை, வாய் வறண்டு கிடந்தது. இரண்டாவது வளைவில் ஒரு பக்கம் சில்வர் ஓக் மரம், மறுபக்கம் கிடுகிடு பள்ளம். மரத்தைப் பார்ப்பதா, பள்ளத்தைப் பார்ப்பதா, குமட்டுவதா? குமட்ட நேரமே இல்லை. பலாச்சுளையை நினைத்துப் பார்த்தான். மோரை நினைத்துப் பார்த்தான். வயிறு எருமை மாதிரி அசையாமல் படுத்துக் கிடந்தது. பள்ளத்துக்குப் பக்கமாக ஒரு தடவை வண்டியை ஒடித்து விடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் சேலம் போக வேண்டுமென்றால் உயிரோடு இருக்க வேண்டுமே. பத்திரமாக ஒடித்துத் திருப்பினான். அழகாகவே திருப்பினான். அந்த அழகைக் கண்டு அவனுக்கே வயிற்றெரிச்சலாக இருந்தது.

“பலே!” என்று முதுகில் அறைந்தார் அங்கப்பன். அந்த அறைக்காவது ஏதாவது வெளியே வரும் என்று பார்த்தான். ஏப்பம்தான் வந்தது.

“எல்லாரையும் பக்கத்துலதானே உக்கார வெப்பீங்க அண்ணே? எனக்கு மட்டும் ஏன்...”

“நேத்து உன்ற ஊட்டுக்காரம்மா வந்து சொல்லுச்சு. ‘அவரு பக்கத்துல உக்காந்தா கொமட்டுவாரு, அவரே ஓட்டுனா ஒண்ணும் ஆவாதுங்கண்ணா. ரைட்டர் வண்டியில பாத்தாச்சு’ன்னு. வெவரமான பொம்பளை. வா, கையெழுத்துப் போடு.”

மாதாவை நினைத்துக்கொண்டு போட்டான்.

வீட்டுக்குத் திரும்பியபோது பன்றிப்பட்டி காலியாக இருந்தது. வாசலில் ஜெயமேரி நல்ல புடவை கட்டி, தகரப் பெட்டியோடு நின்றாள்.

“எடுத்துட்டாங்களா? மாதாவே!” என்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

“பன்னி எங்க புள்ள?”

“வித்துட்டேனுங்க. சேலத்துல டிரைவிங் ஸ்கூலுக்குக் கட்டச் சொல்லி சிஸ்டருங்க கையில பணத்தைக் குடுத்தாச்சு.”

“நான்தான் எஸ்டேட்ல கையெழுத்துப் போட்டுட்டேனே!”

“உங்களுக்கில்லீங்க, எனக்கு. சிஸ்டருங்க ஜீப்பு சும்மா நிக்குதில்ல? பழகிட்டு வந்தா வேலை எனக்குன்னு சொல்லிட்டாங்க. சேலத்துல அவுங்க ஹாஸ்டல்லயே தங்கிக்குவேன். மூணே மாசம்.”

“புள்ளைங்க? தண்ணி? சமையலு?”

“அதுக்குத்தானுங்க, ஒரு ஆளு பொழுது சாய ஊட்டுக்கு வந்து சேரணும்னு அன்னிக்கே சொன்னேன். ஞாயித்துக்கெழமை வருவேன். கறி வெந்திருக்கட்டும்.”

அருள்சாமிக்கு அப்போதுதான், வேளை கெட்ட வேளையில், குபுக்கென்று குமட்டியது. வாயைப் பொத்திக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தான்.

பெட்டியைத் தூக்கிய ஜெயமேரி, முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்த எலுமிச்சம்பழத்தை அவன் கையில் வைத்தாள்.

“இனி மோந்து பாக்கறதுக்கு வேண்டியதில்லீங்க. ராத்திரி ரசத்துல புழிஞ்சு உட்டுருங்க.”