நாலாவது ஓலை

இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாதவர்களால் உலகத்துக்குப் பெரிய கெடுதல் எதுவும் வந்ததில்லை. அவர்கள் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, தெரிந்தவரிடம் போய்க் கேட்பார்கள். ஆபத்தெல்லாம் என்னைப் போன்றவர்களால்தான். மிஷன் பள்ளியில் ஏழாவது வரை படித்து, ரயில்வே ஸ்டோரில் இருபத்திரண்டு வருஷம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக உட்கார்ந்து, சாமான் பட்டியலை இங்கிலீஷில் எழுதி எழுதி, அந்த மொழியே நம் வீட்டுக் கொல்லையில் காய்த்தது என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அந்த நினைப்பில் என் மகளின் கல்யாணத்தை நானே நிறுத்தப் பார்த்தேன். போகிற போக்கில் மாப்பிள்ளையின் தலைக்கும் உலை வைக்கப் பார்த்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. 

அது 2603ஆம் ஆண்டு. (அச்சுப் பிழை இல்லை. ஜப்பான்காரன் வந்ததும் எங்கள் கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்குத் தள்ளிவைத்தான். கையோடு காலண்டரையும் அறுநூற்று அறுபது வருஷம் தள்ளிவிட்டான். பழைய கணக்குக்கு 1943.) நாங்கள் கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். மகள் பிலோமினாவுக்குப் பத்தொன்பது வயது. தெருமுனையில் ராணுவ லோரிச் சத்தம் கேட்டால் என் மனைவி ஆக்னஸ் அவளைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போய் விறகுக்குப் பின்னால் உட்காரவைப்பாள். லோரி போன பிறகும் எனக்கு அரைமணி நேரம் கால் தரையில் பாவாது. வயசுப் பெண்ணைப் பெற்ற யாருக்கும் அப்போது ஒரே பிரார்த்தனைதான். நல்லவன் ஒருவன் கையில் பிடித்துக்கொடுத்து, டவுனை விட்டு அனுப்பிவிட வேண்டும்.

எங்கள் கோயில் உபதேசியார் ஒரு இடம் கொண்டுவந்தார். பெயர் அருளப்பன். தெலுக் பங்லிமா காராங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரஸ்ஸர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் வராத நாளெல்லாம் அவர்தான் டாக்டர். டாக்டர் கடைசியாக வந்தது சண்டைக்கு முன்பு. தோட்டத்தில் காய்ச்சலுக்கு மருந்து கொடுக்க ஆள் வேண்டும் என்பதால், போனவர் திரும்பாத அந்தச் சயாம் ரயில் வேலைக்கு ஜப்பான்காரன் அவரைப் பிடித்துப் போகமாட்டான் என்று சொன்னார்கள். நான் அந்த நிமிஷமே சரி என்றேன்.

எங்கள் கிறிஸ்தவக் கல்யாணங்களில் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். (எழுதுவது தாளில்தான், பெயர் மட்டும் ஓலை.) இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் சபையைக் கேட்பார். யாரும் சொல்லமாட்டார்கள். இரண்டு ஓலை அப்படித்தான் முடிந்தது.

இரண்டாவது ஓலைக்கு மறுநாள், ஸ்டோரில் என்னோடு வேலை பார்க்கும் பொன்னையாவிடம் மாப்பிள்ளையைப் பற்றிக் கொஞ்சம் பீற்றிக்கொண்டேன். அவர் மரவள்ளிக்கிழங்கை மென்றுகொண்டே, "அந்தப் பக்கத்து டிரஸ்ஸரா? அவரு பேரு கோர்ட்டுல அடிபட்டுச்சு லா. ரயில் சாமான் திருட்டு கேஸு" என்றார். அதற்கு மேல் தெரியாதாம். அவர் கிழங்கை முடித்துவிட்டார். எனக்கு ஆறு நாள் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை.

ஆக்னஸிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், "மாப்பிள்ளைகிட்டயே கேளுங்க" என்று ஒரே வரியில் முடித்திருப்பாள். எந்தத் திருடன் ஆமாம் என்பான்? கோர்ட்டு ரெக்கார்டு பொய் சொல்லாது. சனிக்கிழமை விடிந்ததும் கருவாடு வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிள்ளான் ரயிலைப் பிடித்தேன்.

கிள்ளானில் ஒரு நண்பரின் சைக்கிளை இரவல் வாங்கினேன். டயர் கிடைக்காத காலம். சக்கரத்தில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயைச் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தார். அந்தக் கம்பி முடிச்சு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை என் முதுகெலும்பை விசாரித்தது. பதினைந்து மைல் கடந்து, அந்த வட்டாரத்துச் சின்னக் கோர்ட்டைக் கண்டுபிடித்து இறங்கியபோது என்னால் நேராக நிற்க முடியவில்லை.

பழைய கேஸ் கட்டுகளை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம் என்பது வெள்ளைக்காரன் காலத்து வழக்கம். அங்கிருந்த மலாய்க் கிராணி என்னைக் கண்டதும் எழுந்து இடுப்பு வளையக் குனிந்தார். எனக்கு அது மரியாதையாகப் பட்டது. பிறகுதான் புரிந்தது. கண்ணாடி, வெள்ளைக் காற்சட்டை, கையில் பெயர் எழுதிய துண்டுத்தாள். அந்தக் காலத்தில் துண்டுத்தாளில் பெயரோடு வருகிறவன் ஜப்பான் ராணுவப் போலீஸிலிருந்து வருகிறான் என்று எல்லோருக்கும் தெரியும். நான் வெறும் பெண்ணைப் பெற்றவன் என்று சொன்னதும் அவர் விட்ட மூச்சில் மேசையிலிருந்த தாள்கள் பறந்தன.

பறந்தவை எல்லாம் பழைய தாள்கள். புதுத் தாள் கிடைக்காததால், முடிந்துபோன கேஸ் கட்டுகளைப் பிரித்து முதுகுப் பக்கத்தில் புது உத்தரவு எழுதிக்கொண்டிருந்தார். நான் கேட்ட கட்டில் முன்பக்கம் இல்லை, பின்பக்கம் இல்லை. கரையானும் மழையும் விட்டுவைத்த ஒரே ஒரு தாள் இருந்தது. அதில் இங்கிலீஷில், பி.டபிள்யூ. 1 என்று ஒரு வெள்ளைக்காரர் பெயர். அதன்கீழ், பி.டபிள்யூ. 2, சவரிமுத்து மகன் அருளப்பன். பெயருக்கு அடுத்து எழுதியிருந்ததைக் கரையான் தின்றிருந்தது. பிறகு இப்படி இருந்தது: "அன்று மாலை நான் புகைக்கூடத்தின் பின்பக்கம் போனேன். அங்கே ரயில் பிஷ் பிளேட்டுகள் இருந்தன. இரண்டைக் கையில் எடுத்தேன். தூக்கிக்கொண்டு நேராக..."

தாள் முடிந்தது. மாப்பிள்ளையும் என்னைப் பொறுத்தவரை அதோடு முடிந்தார்.

பிஷ் பிளேட் என்பது இரண்டு தண்டவாளங்களைச் சேர்த்துப் பிடிக்கும் இரும்புத் தகடு. என் ஸ்டோரில் மலைபோலக் கிடக்கும். பி.டபிள்யூ. என்றால் பெர்மனன்ட் வே, அதாவது தண்டவாளப் பகுதி. ரயில்வே குவார்ட்டர்ஸில் தவழும் குழந்தைக்கும் தெரியும். பி.டபிள்யூ. 2 என்றால் இரண்டாம் நம்பர் கேங், தண்டவாளம் பழுதுபார்க்கும் கூலிக் குழு. ஆக, டிரஸ்ஸர் என்பதே பொய். ஆள் தண்டவாளக் கேங்கில் இருந்தவர். காக்க வேண்டிய தண்டவாளத்தையே கழற்றி விற்றவர். அதைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டும் இருக்கிறார். பி.டபிள்யூ. 1 வெள்ளைக்காரராக இருக்கிறாரே என்று ஒரு கணம் இடித்தது. சரிதான், கேங்குக்கு இன்ஸ்பெக்டர், அவரும் கூட்டு என்று அதையும் தீர்த்துவைத்தேன். அப்படி ஒரு மூளை எனக்கு.

கிராணி பாவம், கோர்ட்டுச் சுருக்கெழுத்து எதுவும் புரியாவிட்டால் கேளுங்கள் என்று மலாயில் இரண்டு தடவை சொன்னார். நான் புன்னகைத்தேன். "நான் ரயில்வே கிராணி" என்றேன். அவர் மரியாதையாக ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.

திரும்பும் வழியில் மழை. குழாய் டயர் அவிழ்ந்துவிட்டது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிள்ளான் வந்தபோது கடைசி ரயில் போய்விட்டிருந்தது. ஸ்டேஷன் பெஞ்சில் படுத்தேன். காலை ரயிலை ராணுவச் சரக்கு வண்டிக்காக வழியில் நிறுத்திப் போட்டார்கள். கோலாலம்பூரில் குதித்து இறங்கி, முழங்கால்வரை சேற்றோடு கோயிலுக்கு ஓடினேன். ஆக்னஸிடம் சொல்ல நேரமில்லை. அவள் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள், பிலோமினாவும் மாப்பிள்ளையின் அம்மாவும் பக்கத்தில். ஆண்கள் பக்கம் முன்வரிசையில் மாப்பிள்ளை, கல்யாண நாள் குறிப்பதற்காக வந்திருந்தார். சாமியார் மூன்றாவது ஓலையின் கடைசி வரியில் இருந்தார்.

"இவர்களுக்குள் விவாகத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் வெளிப்படுத்தக் கடவர்கள்."

"இருக்கு சாமி" என்றேன்.

கோயிலே திரும்பியது. சாமியார் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "யாரப்பா அது?"

"நான்தான் சாமி. பொண்ணோட அப்பா."

உட்கார், பிறகு பேசலாம் என்று அவர் கையால் காட்டினார். உட்கார்ந்திருக்கலாம். ஆனால் பதினைந்து மைல் சைக்கிள் மிதித்தவனுக்கு அது முடியாது. மாப்பிள்ளை டிரஸ்ஸர் இல்லை, தண்டவாளக் கேங்கு, ரயில் சாமானைத் திருடியவர், கோர்ட்டுத் தாளை என் கண்ணால் பார்த்தேன் என்று எல்லாவற்றையும் தூணுக்குத் தூண் எதிரொலிக்கச் சொன்னேன்.

சொல்லி முடித்தேன்.  யாரும் யாரையும் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரயில் சாமான் திருடியவனை ஜப்பான்காரன் என்ன செய்வான் என்பதை அந்த வருஷம் எல்லோரும் பார்த்திருந்தோம். எங்காவது ஒரு ஆணி காணாமல் போனாலும் அவனுக்கு ஒரு பழைய பெயர் போதும். நான் அந்தப் பெயரை, அப்பன் பெயரோடு, நிறைந்த கோயிலில் அறிவித்திருக்கிறேன். மூன்றாவது வரிசையில், மேலிடத்துக்குச் செய்தி கொண்டுபோகிறார் என்று ஊர் முணுமுணுக்கும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் மட்டும்தான் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை எழுந்தார். அடிக்க வருகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை என்றும் நினைத்தேன். அவர் நிதானமாக என்னிடம் வந்து, புறங்கையை என் கழுத்தில் வைத்தார். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கூரையைப் பார்த்து எண்ணினார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "நூத்தி நாலு இருக்கும் சாமி. மலேரியா தலைக்கு ஏறிடுச்சு. உளர்றாரு" என்றார்.

சாமியார் ஒரு கணமும் தயங்கவில்லை. "நமது ஞானப்பிரகாசத்தின் சுகத்துக்காக ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லுவோம்" என்றார். முந்நூறு பேர் என் மூளைக்காக ஜெபிக்க, மாப்பிள்ளை என்னை அணைத்தபடி வெளியே கூட்டிப்போனார். என் பெயருக்கு இவ்வளவு பொருத்தமான விழா அதற்கு முன்பு நடந்ததில்லை.

பூசை முடிந்ததும் சாமியார் உடுப்பு மாற்றும் அறையில் கூடினோம். மாப்பிள்ளையின் அம்மா கதவைச் சாத்திவிட்டுத் தொடங்கினார். "ஏன் சம்பந்தி, உங்க கோளாறு கண்ணுலயா, மண்டையிலயா? எம்மவன் எந்த ஊரு கேங்குல இருந்தான்?" ஆக்னஸ் என் சேற்றுக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் நகலெடுத்து வந்த துண்டுத்தாளை எடுத்து, மிச்சமிருந்த கௌரவத்தோடு படித்தேன்.

அருளப்பன் பொறுமையாகக் கேட்டார். "மாமா, அதுல பி.டபிள்யூ. ஒண்ணு யாருன்னு போட்டிருந்துச்சு?"

"யாரோ வெள்ளைக்காரர். கேங் இன்ஸ்பெக்டர்."

"அது எங்க தோட்டத்துத் துரை" என்றார். முகத்தில் சிரிப்பு வராமல் பார்த்துக்கொண்டார். "கோர்ட்டுல பி.டபிள்யூ.ன்னா அரசாங்கத் தரப்புச் சாட்சி, மாமா. துரை முதல் சாட்சி. நான் ரெண்டாவது."

அறையில் சாமியார் மட்டும் இருமினார். அதுவரை மூலையில் நின்ற பிலோமினா என் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தாள். பிறகு நேராக அவரைப் பார்த்து, "தூக்கிக்கிட்டு நேரா எங்க போனீங்க?" என்று கேட்டாள். அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. கோர்ட்டுக்குப் போக வேண்டியவள் அவள். நானல்ல.

"துரை பங்களாவுக்கு" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. திருடி ஒளித்துவைத்தவன் தோட்டத்து லோரி டிரைவர். சாட்சி சொன்னால் காலை உடைப்பேன் என்றானாம். இவர் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். பிலோமினா தாளை நான்காக மடித்துத் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

அவர் அம்மாவுக்கு மனம் ஆறவில்லை. இந்த மனிதரைச் சம்பந்தி என்று கூப்பிட்டு ஊருக்குள் நடமாட முடியாது, வேறு இடம் பார்க்கலாம் என்றார்.  பெண்ணுக்குக் கிடைத்த ஒரு நல்லவனையும் என் இங்கிலீஷ் தின்றுவிட்டது என்று நின்றேன்.

"இருக்கட்டும்மா" என்றார் அருளப்பன். "பொண்ணைக் குடுக்க மாட்டேன்னு மல்லுக்கு நிக்கிற மாமனார் பரவாயில்ல. குடுத்துட்டு மறந்துபோறவருதான் கஷ்டம்."

அந்த அம்மா என்னைக் கால்முதல் தலைவரை பார்த்தார். "மறக்கிற ஆளு மாதிரி தெரியல" என்று கதவைத் திறந்தார்.

சாமியார் இரண்டு தீர்ப்புச் சொன்னார். தடை சொல்லப்பட்ட ஓலை செல்லாது, அடுத்த ஞாயிறு மறுபடி வாசிக்க வேண்டும். அதுவரை நான் மலேரியாவில் படுத்திருக்க வேண்டும், எழுந்து நடமாடினால் மாப்பிள்ளையின் உயிர் போகும்.

படுத்தேன். குவார்ட்டர்ஸ் முழுவதும் நலம் விசாரிக்க வந்தது. ஒருவர் பப்பாளி இலைச் சாறு, ஒருவர் நிலவேம்புக் கசாயம். ஒவ்வொருவரும் நான் குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்தார்கள். ஆக்னஸ், இன்னொரு தம்ளர் கொடுங்க அக்கா, அவருக்குப் பிடிக்கும் என்று ஊக்கப்படுத்தினாள். புதன்கிழமை அந்த மூன்றாவது வரிசைக்காரர் வந்தார். கட்டிலருகே உட்கார்ந்து என் நெற்றியில் கை வைத்தார். எனக்குப் பல் கிடுகிடுத்தது. அதில் நடிப்பு ஒரு சொட்டும் இல்லை. "ரொம்ப உளறாதீங்கண்ணே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்த பிறகு நான் அழுதேன். ஆக்னஸ் பக்கத்தில் உட்கார்ந்து, ஆறிப்போன கசாயத்தைத் தானே வெளியே கொட்டினாள்.

நாலாவது ஓலை அந்த ஞாயிறு வாசிக்கப்பட்டது. அருளப்பன் என் பக்கத்தில் உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். பார்த்தவர்களுக்கு நாடி பார்ப்பதுபோல இருந்திருக்கும். நான் எழாமல் இருக்கத்தான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு வாரத்தில் கல்யாணம். என் மகள் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். அதன்பிறகு தெருவில் லோரிச் சத்தம் கேட்டபோதெல்லாம் நான் எழுந்து பார்க்காமல் புரண்டு படுத்தேன். இப்போது சண்டையும் முடிந்து, அவர்களுக்கு இரண்டு பெண் குழந்தைகள்.

எங்களை நாலோலை வீடு என்றுதான் பிரிக்பீல்ட்ஸில் சொல்கிறார்கள். அதுகூடப் பரவாயில்லை. யார் வீட்டுக் கல்யாணத்துக்கு ஓலை வாசித்தாலும், அந்தத் தடைக் கேள்வி வந்ததும் கோயில் முழுவதும் திரும்பி என்னைப் பார்க்கிறது. போன மாதம் வந்த புதுச் சாமியாருக்குக் கதை ஒன்றும் தெரியாது. எல்லோரும் பார்க்கிறார்களே என்று அவரும் ஓலையைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தார். தடை ஒன்றும் இல்லை என்று தலையசைத்தேன். அதன்பிறகுதான் அவர் ஓலையை மடித்தார்.