துரை சாப்பிடாத மூன்று மாதம்

ஒரு பாம்புக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று சான் ஹோசேயில் ஒரு அபார்ட்மென்ட் காம்ப்ளெக்ஸையே கவலையில் உட்கார வைத்த ஒரே தமிழர், எங்கள் பாம்பு சார்தான். கோயமுத்தூர்க்காரர், சாஃப்ட்வேர் டெஸ்டர், கல்யாணமாகாதவர். கூட வசித்தது துரை என்கிற ஆண் மலைப்பாம்பு.

1998 பிப்ரவரியில் துரை சாப்பாட்டை நிறுத்தினான். எலியை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"உடம்பு சரியில்லையா?" என்றேன்.

"இல்லீங்கக்கா. இது ஜோடி தேடுற சீசனுங்க. ஆம்பளப் பாம்புக்கு அந்த நெனப்பு வந்துட்டா சோறு எறங்காதுங்க."

"உங்களுக்கும்தான் ஊர்ல பொண்ணு பாக்கறாங்க. நீங்க மூணு வேளையும் நல்லா சாப்பிடறீங்களே?"

"நான் பாம்பு இல்லீங்களே" என்றார், கொஞ்சம் வருத்தமாக.

ஒரு ஜீவன் சாப்பிடாமல் இருந்தால் எங்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. காம்ப்ளெக்ஸ் தமிழ்ப் பெண்கள் எல்லாரும் வெள்ளிக்கிழமைதோறும் பாலும் முட்டையும் எடுத்துப் போனோம். பாம்பு பால் குடிக்காது என்று சொல்லி எங்களை நோகடிக்க அவருக்கு மனமில்லை. வாங்கி வைத்து, நாங்கள் போனதும் தானே குடித்திருக்கிறார். எங்கள் நச்சரிப்புக்காகத் துரையைத் தோளில் போட்டுக்கொண்டு எடை மெஷினில் ஏறிக் காட்டுவார். எடை குறையவே இல்லை, அம்மன் அருள் என்று பூரித்தோம். ஏறியது யார் எடை என்பது ஏப்ரலில் அவர் சட்டைப் பொத்தான் தெறித்தபோதுதான் புரிந்தது.

எனக்கு வந்ததே கோபம். பாம்பு செத்தால் தோஷம். காம்ப்ளெக்ஸில் இரண்டு பேர் முழுகாமல் வேறு இருந்தார்கள்.

"வாயத் திறந்து ஊட்டி விடுங்க. செத்துத் தொலைஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"மாட்டனுங்கக்கா." அவர் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன். "அவன் எடையத் தனியா வாரா வாரம் எழுதறனுங்க. கொஞ்சந்தான் கொறஞ்சிருக்குது. வலுக்கட்டாயமா ஊட்டுனா பயந்துக்குவான். அப்புறம் என் கைக்கே வரமாட்டானுங்க. அவனுக்குத் தானாப் பசிக்கட்டும்."

சொல்லும்போதே கண் கலங்கியிருந்தது. உள்ளுக்குள் பயந்துகொண்டேதான் அந்த மனுஷன் பொறுமையாக இருந்தார். வாரம் ஒருமுறை, ஃப்ரீசரில் வைத்திருந்த எலியை வெந்நீரில் சூடாக்கி நீட்டுவார். வேண்டாமென்றால் எடுத்துவிடுவார். எங்கள் மொத்தக் கூட்டத்துக்கும் அவர் அசைந்து கொடுக்கவில்லை.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் தட்டினார். தலை வாரவில்லை, காலில் செருப்பில்லை.

"அக்கா, சாப்புட்டானுங்க."

தோசைக்கரண்டியும் கையுமாக அங்கேயே அழுதுவிட்டேன். அத்தனை வீடுகளில், அதிகமாகத் திட்டிய என் வீட்டுக்குத்தான் அவர் முதலில் வந்தார். அந்தப் பெருமையை இன்றுவரை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.